வாயுக் கசிவைக் காட்டிக் கொடுக்கும் சாட்டிலைட்டுகள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் முதல் வாரத்திலேயே செய்து பார்க்கும் காரியம் ஒன்று உண்டு. கூகுள் எர்த்தைத் திறந்து, தங்கள் ஊரைத் தேடி, தெருவைக் கண்டுபிடித்து, மவுஸ் வீலை உருட்டி உருட்டிச் சொந்த வீட்டு மொட்டை மாடியைப் பார்ப்பதுதான் அது. தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. எதிர் வீட்டு வேப்ப மரம் தெரிகிறது. வீட்டில் உள்ள அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டி முடித்த பிறகு ஒரு சந்தேகம் வருகிறது. தொட்டியே தெரிகிறது என்றால், தொழிற்சாலைகள் வெளியே விடும் வாயுவும் மேலே இருந்து தெரியுமா?

தெரியும். ஆனால் நீங்கள் பார்த்துக் கொண்டிருக்கும் அந்தப் படத்தில் தெரியாது. பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் முக்கியமான கார்பன் டை ஆக்சைடுக்கும் மீத்தேனுக்கும் நிறம் இல்லை, மணம் இல்லை. புகைபோக்கியில் இருந்து வெள்ளையாக எழுவது பெரும்பாலும் நீராவி. கருப்பாக வருவது கரித்துகள். உண்மையான ஆசாமி கண்ணுக்குத் தெரியாமல் அருகிலேயே போய்க் கொண்டிருப்பார். பத்திரிகைகளிலும் இணைய தளங்களிலும் சிவப்பும் மஞ்சளுமாக வாயு பரவுவது போல ஒரு படம் போடுவார்களே, அந்த வண்ணம் கம்ப்யூட்டர் பூசியது. கணக்கிட்டுப் பெற்ற எண்களை நாம் எளிதில் புரிந்து கொள்வதற்காகக் கொடுத்த வண்ணம் அது. இதை முதலிலேயே மனதில் வைத்துக் கொண்டால் பின்னால் வரும் குழப்பங்கள் பாதியாகக் குறையும்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருந்து எப்படி அளக்கிறார்கள்? அதற்கு உங்கள் கம்ப்யூட்டர் மேஜையில் இருக்கும் ஒரு பொருளே போதும்.

சி.டி.யின் பின்பக்கம் சொல்லும் பாடம்

பழைய சி.டி. ஒன்றை எடுத்து அதன் பளபளப்பான பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வானவில் தெரியும். சி.டி.யில் டேட்டா பதிவான தடங்கள் மிக நெருக்கமாக, ஒன்றுக்கொன்று 1.6 மைக்ரான் இடைவெளியில் இருக்கின்றன. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த நெருக்கமான தடங்கள் வெளிச்சத்தை அதன் நிறங்களாகப் பிரித்து விடுகின்றன. இப்போது அதே சி.டி.யை ஒரு பழைய குண்டு பல்பின் அடியிலும், பிறகு ஒரு சி.எப்.எல். பல்பின் அடியிலும் பிடித்துப் பாருங்கள். குண்டு பல்பில் வானவில் தொடர்ச்சியாக இருக்கும். சி.எப்.எல்.லில் நிறங்கள் விட்டு விட்டு, தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும். இரண்டும் நம் கண்ணுக்கு வெளிச்சம்தான். பிரித்துப் பார்த்தால்தான் உள்ளே இருக்கும் வித்தியாசம் தெரிகிறது.

சாட்டிலைட்டில் உள்ள ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவியும் இதைத்தான் செய்கிறது. சூரிய வெளிச்சம் காற்று மண்டலத்தின் வழியே இறங்கி, தரையில் பட்டு, மறுபடி மேலே போகிறது. போகிற வழியில் ஒவ்வொரு வாயுவும் தனக்குப் பிடித்த சில அலைநீளங்களை மட்டும் எடுத்துக் கொள்கிறது. கார்பன் டை ஆக்சைடு 1.6 மைக்ரானை ஒட்டியும் 2.06 மைக்ரானை ஒட்டியும் எடுக்கும். மீத்தேன் 1.65 மைக்ரானிலும் 2.3 மைக்ரானிலும் எடுக்கும். இவை எல்லாம் நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு வெளிச்சம். மேலே வந்து சேரும் வெளிச்சத்தைக் கருவி பிரித்துப் பார்க்கும்போது, அந்தந்த இடங்களில் கருப்புக் கோடுகள் விழுந்திருக்கும். சோப்பு, பிஸ்கட் பாக்கெட்டில் அச்சடிக்கிறார்களே பார்கோடு, அதைப் போல ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு பார்கோடு. கோடு எவ்வளவு கருப்போ அவ்வளவு வாயு வழியில் இருக்கிறது என்று பொருள்.

அதாவது சாட்டிலைட் வாயுவைப் பார்ப்பதில்லை. காணாமல் போன வெளிச்சத்தைக் கணக்கெடுக்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மலை மேல் காற்று குறைவு, கடற்கரையில் அதிகம். காற்று அதிகமாக இருந்தாலே கோடும் கருப்பாகும். அதனால் ஏமாந்து விடக்கூடாது. நாசாவின் ஓ.சி.ஓ.-2 என்ற சாட்டிலைட் இதற்கு ஓர் எளிய வழியைப் பின்பற்றுகிறது. கார்பன் டை ஆக்சைடை அளக்கும் அதே நேரத்தில், 0.76 மைக்ரானில் ஆக்சிஜனின் கோடுகளையும் அளக்கிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஏறக்குறைய 21 சதவீதம், எங்கும் மாறாது. எனவே ஆக்சிஜனை எண்ணினால் மொத்தக் காற்று எவ்வளவு என்பது தெரிந்து விடும். அதைக் கொண்டு வகுத்தால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு கார்பன் டை ஆக்சைடு என்ற விடை வரும். இதைத்தான் பி.பி.எம். என்கிறார்கள்.

இந்த அளவுகள் இன்று என்ன? ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் 1958-ஆம் ஆண்டு அளக்கத் தொடங்கியபோது கார்பன் டை ஆக்சைடு சுமார் 315 பி.பி.எம். இருந்தது. 2025 மே மாதத்தில் அங்கே மாத சராசரி முதல் முறையாக 430-ஐத் தாண்டியது. மீத்தேன் மிகவும் குறைவு. பத்து லட்சத்தில் இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் எடைக்கு எடை ஒப்பிட்டால், முதல் 20 ஆண்டுக் காலத்தில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறக்குறைய 80 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது சிதைந்தும் விடுகிறது. எனவே இன்று ஒரு மீத்தேன் கசிவை அடைத்தால் அதன் பலன் நம் காலத்திலேயே தெரியும். சாட்டிலைட்காரர்கள் மீத்தேன் பின்னால் ஓடுவதற்கு இதுவே காரணம்.

எல்லாம் பிக்சல் செய்யும் வேலை

டிஜிட்டல் கேமரா வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் மெகாபிக்சல் பற்றித்தான் பேசுவார். இங்கும் அதே கதைதான். ஒரு பிக்சல் தரையில் எவ்வளவு இடத்தைக் குறிக்கிறது என்பதை வைத்தே ஒரு சாட்டிலைட்டின் குணம் அமைகிறது.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2002-ல் அனுப்பிய என்விசாட்டில் இருந்த ஸ்கியாமகி என்ற கருவி இந்த வேலையைத் தொடங்கி வைத்தவற்றில் ஒன்று. 2009 ஜனவரியில் ஜப்பான் கோசாட் சாட்டிலைட்டை அனுப்பியது. இந்த வாயுக்களை அளப்பதற்கென்றே தனியாகத் தயாரான சாட்டிலைட் அது. அடுத்த மாதமே நாசா அனுப்பிய ஓ.சி.ஓ. ராக்கெட்டின் மூடி கழலாமல் கடலில் விழுந்து போனது. அதற்குப் பதிலாக 2014 ஜூலையில் போனதுதான் மேலே சொன்ன ஓ.சி.ஓ.-2.

2017 அக்டோபரில் ஐரோப்பா அனுப்பிய சென்டினல்-5பி சாட்டிலைட்டில் ட்ரோபோமி என்ற கருவி இருக்கிறது. ஒரே ஓட்டத்தில் 2,600 கிலோமீட்டர் அகலத்தைப் பார்த்து விடும். அதனால் ஏறக்குறைய முழு உலகத்தையும் தினம் ஒரு முறை பார்த்து விடுகிறது. அதற்குக் கொடுக்கும் விலை, மீத்தேனுக்கான அதன் ஒரு பிக்சல் 5.5 கிலோமீட்டருக்கு 7 கிலோமீட்டர். ஒரு சிறு நகரமே ஒரு புள்ளிக்குள் அடங்கி விடும். இந்தப் பகுதியில் ஏதோ கசிகிறது என்று சொல்லும். எந்தக் குழாய் என்று சொல்லாது.

எந்தக் குழாய் என்று சொல்ல வேறு வகை சாட்டிலைட் வேண்டும். கனடாவின் ஜி.எச்.ஜி.சாட் என்ற நிறுவனம், மைக்ரோவேவ் அடுப்பு அளவே உள்ள ஒரு சாட்டிலைட்டைத் தயாரித்து அதற்குக் கிளேர் என்று பெயர் வைத்தது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் அகலம் மட்டுமே பார்க்கும். ஆனால் பிக்சல் சுமார் 50 மீட்டர்தான். இந்தக் கிளேர் வானத்துக்குப் போனது நம் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து. 2016 ஜூன் 22-ஆம் தேதி பி.எஸ்.எல்.வி.-சி34 ராக்கெட் ஒரே பயணத்தில் 20 சாட்டிலைட்டுகளைக் கொண்டு போனது நினைவிருக்கலாம். அதில் இதுவும் ஒன்று. அதே ராக்கெட்டில் சென்னை சத்யபாமா பல்கலைக்கழக மாணவர்கள் தயாரித்த ஒன்றரைக் கிலோ எடையுள்ள சத்யபாமாசாட்டும் போனது. அதன் நோக்கமும் பசுமை இல்ல வாயுக்கள் பற்றிய டேட்டாவைச் சேகரிப்பதுதான்.

கிளேர் 2019 ஜனவரியில் துர்க்மெனிஸ்தானின் மேற்குப் பகுதியைப் படம் எடுத்துக் கொண்டிருந்தது. தேடியது கசிவை அல்ல. சேற்று எரிமலை ஒன்றை. அங்கே இயற்கையாக வரும் மீத்தேனை அளப்பது திட்டம். படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது எரிமலைக்குப் பக்கத்தில் வேறொரு இடத்தில் பெரிய படலம் ஒன்று தெரிந்தது. கோர்பெஜே என்ற எரிவாயு வயல் அது. குழாயும் கம்ப்ரசர் நிலையமும் உள்ள இடம். உடனே ட்ரோபோமியின் பழைய டேட்டாவை எடுத்துப் பார்த்தார்கள். பெரிய பிக்சல்தான் என்றாலும் அந்தப் பகுதியில் பல மாதங்களாக மீத்தேன் கூடுதலாக இருந்தது அதில் பதிவாகியிருந்தது. 2018 பிப்ரவரி முதல் 2019 ஜனவரி வரை அங்கே கசிந்தது சுமார் 1,42,000 டன் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தூதரக வழியாகத் தகவல் போனது. பிறகு கசிவு அடங்கியது.

பெரிய பிக்சல் காட்டும் ஊர், சிறிய பிக்சல் காட்டும் கதவு எண் என்று சேர்ந்து வேலை செய்யும் முறை இதன் பிறகு வழக்கமாகி விட்டது. ட்ரோபோமி தினமும் அனுப்பும் படங்களைக் கண்ணால் பார்த்துத் தேட ஆள் போதாது. எனவே நெதர்லாந்து ஆய்வாளர்கள் கம்ப்யூட்டருக்குப் படலம் எப்படி இருக்கும் என்று பழக்கி, தானாகத் தேட வைத்தார்கள். 2021-ஆம் ஆண்டு டேட்டாவில் மட்டும் 2,974 படலங்கள் சிக்கின. கம்ப்யூட்டர் ஏமாறுவதும் உண்டு. உப்புப் பரப்பு, ஏரிக் கரை போன்ற, வெளிச்சத்தை விசித்திரமாகத் திருப்பி அனுப்பும் இடங்கள் மீத்தேன் போலவே தோற்றம் காட்டும். அதற்காக இரண்டாவது வடிகட்டல் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள்.

மணிக்கு எத்தனை கிலோ?

படத்தில் வாயு தெரிந்து விட்டது. இவ்வளவு டன் கசிகிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? கால்குலேட்டர் புரோகிராமைத் திறந்து நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு படலத்தின் நீளம் 3 கிலோமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். பிக்சல் பிக்சலாகக் கூட்டியதில் அதற்குள் 5,000 கிலோ மீத்தேன் இருக்கிறது. அப்போது காற்று நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசுகிறது. குழாயில் இருந்து வெளியேறிய வாயு படலத்தின் நுனிக்குப் போய்ச் சேர 1,000 நொடி ஆகும். அதாவது 5,000 கிலோவும் கடந்த 1,000 நொடியில் கசிந்தவை. நொடிக்கு 5 கிலோ. மணிக்கு 18,000 கிலோ.

இப்போது காற்றின் வேகத்தை மட்டும் பாதியாக்கிப் பாருங்கள். விடை 9,000 கிலோவாகி விடும். படம் ஒன்றுதான், கசிவு பாதி! காற்றின் வேகத்தைச் சாட்டிலைட் அளப்பதில்லை. வானிலை கம்ப்யூட்டர் மாதிரிகளில் இருந்து எடுத்துக் கொள்கிறார்கள். இந்த அளவுகளில் வரும் பிழையில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது. அதனால்தான் ஒழுங்கான அறிக்கைகளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியுடன் இன்னொரு எண் இருக்கும். அந்த இரண்டாவது எண் இல்லாமல் யாராவது வாயுக் கணக்குச் சொன்னால் கொஞ்சம் யோசித்தே நம்புங்கள்.

வேறு வேலைக்குப் போன கருவி இந்த வேலையில் பெயர் வாங்கிய கதையும் உண்டு. நாசாவின் எமிட் என்ற கருவி 2022 ஜூலையில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது. பாலைவனத் தூசியில் என்னென்ன தாதுக்கள் என்று பார்ப்பது அதன் பணி. அகச்சிவப்பு வெளிச்சத்தை நுணுக்கமாகப் பிரிக்கும் கருவி என்பதால் மீத்தேனின் பார்கோடும் அதில் விழுந்தது. சில மாதங்களிலேயே 50-க்கும் மேற்பட்ட பெரிய கசிவுகள் அகப்பட்டன. துர்க்மெனிஸ்தானில் காஸ்பியன் கடலோரம் உள்ள ஹசார் நகருக்குக் கிழக்கே 12 படலங்கள். சேர்த்து மணிக்கு சுமார் 50,400 கிலோ. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 3 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட ஒரு படலம். ஈரானில் டெஹ்ரானுக்குத் தெற்கே ஒரு குப்பை வளாகத்தில் இருந்து குறைந்தது 4.8 கிலோமீட்டருக்கு இன்னொன்று.

கடல் மேல் அளப்பது கடினம். தண்ணீர் அகச்சிவப்பு வெளிச்சத்தை விழுங்கி விடும். மேலே திரும்பி வருவது மிகக் குறைவு. 2022 செப்டம்பர் 26-ஆம் தேதி பால்டிக் கடலில் நார்ட் ஸ்ட்ரீம் குழாய்கள் உடைந்தபோது இந்தத் தொல்லையோடு மேகமும் சேர்ந்து கொண்டது. நான்கு நாள் கழித்து ஜி.எச்.ஜி.சாட் சாட்டிலைட் ஒன்று, சூரியன் தண்ணீரில் பளிச்சென்று கண்ணைக் கூச வைக்குமே, அந்தக் கோணத்தில் குறி வைத்து அளந்தது. மணிக்கு 79,000 கிலோ என்று வந்தது. அதுவும் ஒரே ஓர் இடத்தில், வேகம் அடங்கிக் கொண்டிருந்த நேரத்தில்.

கார்பன் டை ஆக்சைடு ஏன் கஷ்டம்?

மீத்தேனை இவ்வளவு சுலபமாகப் பிடிக்கிறார்களே, அனல் மின் நிலையத்தின் கார்பன் டை ஆக்சைடை ஏன் இதே போல அளப்பதில்லை என்று கேட்கலாம். அளக்கிறார்கள், ஆனால் சிரமப்பட்டு. காற்றில் ஏற்கெனவே 420 பி.பி.எம்.முக்கும் மேல் இருக்கிறது. ஒரு பெரிய நகரத்தின் மேலே போகும்போது அது ஒன்றிரண்டு பி.பி.எம். கூடலாம். சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒருவர் மெல்லப் பேசுவதைக் கேட்பது போன்றது இது.

ஓ.சி.ஓ.-2 பார்க்கும் பாதை சுமார் 10 கிலோமீட்டர் அகலம்தான். மின் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, காற்று வாட்டத்தில் அந்தப் பாதை போக வேண்டும்; மேகம் இருக்கக் கூடாது; பக்கத்தில் வேறு ஆலை குழப்பக் கூடாது. இத்தனையும் கூடி வரும் நாட்கள் ஆண்டுக்குச் சில. இருந்தாலும் போலந்தில் உள்ள பெல்கடூவ், ஐரோப்பாவிலேயே பெரிய நிலக்கரி மின் நிலையம், இப்படிப் பல ஆண்டுகள் அளக்கப்பட்டது. மின் உற்பத்தி கூடினால் வாயுவும் கூடுவதும், குறைந்தால் குறைவதும் சாட்டிலைட் எண்களிலேயே தெரிந்தது. இந்த வேலைக்கென்றே சி.ஓ.2எம் என்ற பெயரில் சாட்டிலைட் வரிசை ஒன்றை ஐரோப்பா திட்டமிட்டிருக்கிறது. பிக்சல் 2 கிலோமீட்டர், பார்வை அகலம் 250 கிலோமீட்டர்.

என் கருத்தைக் கேட்டால், கார்பன் டை ஆக்சைடுக்கு இது அவ்வளவு அவசரமும் இல்லை. எவ்வளவு நிலக்கரி எரித்தார்கள் என்பதற்கு ரசீது இருக்கிறது. அதை வைத்தே வாயுவைக் கணக்கிடலாம். கசிந்து போகும் மீத்தேனுக்கு யாரும் ரசீது போடுவதில்லை.

எக்செல் கணக்கும் வானக் கணக்கும்

நாடுகள் தங்கள் மீத்தேன் கணக்கை எப்படி எழுதுகின்றன தெரியுமா? எக்செல் ஷீட் ஒன்றைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். முதல் காலத்தில் எத்தனை கிணறு, எத்தனை மாடு, எத்தனை டன் குப்பை. இரண்டாவது காலத்தில் ஒன்றுக்கு இவ்வளவு வாயு என்ற ஒரு சராசரி எண். பெருக்கு, கூட்டு, முடிந்தது. பெரும்பாலான வரிகளில் யாரும் எதையும் அளந்திருக்க மாட்டார்கள். அந்தச் சராசரிக்குள் உடைந்த வால்வு வராது, அணைந்து போன எரிசுடர் வராது.

சாட்டிலைட் அளவு வந்த பிறகுதான் இந்த ஷீட்டைச் சரிபார்க்க வழி பிறந்தது. அமெரிக்காவின் பெர்மியன் எண்ணெய் வயலை ட்ரோபோமி டேட்டாவைக் கொண்டு கணக்கிட்டபோது, எடுத்த எரிவாயுவில் 3.7 சதவீதம் காற்றில் கலப்பது தெரிந்தது. அதுவரை ஏட்டுக் கணக்கு சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 2022-ல் வெளியான இன்னோர் ஆய்வு பியூனஸ் அயர்ஸ், டில்லி, மும்பை, லாகூர் ஆகிய நான்கு நகரங்களைப் பார்த்தது. நகரங்களின் மீத்தேன் அளவு ஏட்டில் உள்ளதைப் போல 1.4 முதல் 2.6 மடங்கு வரை இருந்தது. பியூனஸ் அயர்சில் ஒரே ஒரு குப்பை மேடு நகரத்தின் மொத்த மீத்தேனில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம். குப்பையில் உள்ள காய்கறியும் உணவும் மண்ணுக்கு அடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் பிறக்கிறது. குப்பை மேட்டில் அடிக்கடி தீப்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சம்பந்தப்பட்டவர்கள் ஒத்துக் கொள்கிறார்களா என்பது வேறு விஷயம். கஜகஸ்தானில் 2023 ஜூன் மாதம் ஒரு கிணறு வெடித்துத் தீப்பிடித்து, டிசம்பர் 25 வரை அடங்காமல் இருந்தது. தீயில் எரியாமல் தப்பிய மீத்தேன் மட்டும் சுமார் 1,30,000 டன் என்று பல சாட்டிலைட்டுகளின் டேட்டாவை வைத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கிணற்றை நடத்திய நிறுவனம் அந்த அளவுக்குக் கசியவே இல்லை என்றது. சாட்டிலைட் பார்த்தது நீராவியாக இருக்கலாம் என்பது அவர்கள் பதில். நீராவிக்கு வேறு பார்கோடு என்பது இந்தக் கட்டுரையை இதுவரை படித்த உங்களுக்கே தெரியும்.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2022 நவம்பரில் மார்ஸ் என்ற எச்சரிக்கைத் திட்டத்தை அறிவித்தது. சாட்டிலைட் கசிவைக் கண்டதும் அந்த நாட்டு அரசுக்கும் நிறுவனத்துக்கும் தகவல் போகும். இரண்டு ஆண்டுகளில் 1,200 எச்சரிக்கைகள் போயின. பதில் வந்தது 1 சதவீதத்துக்கு. நூறு கடிதம் போட்டு ஒன்றுக்குப் பதில்! 2025 அறிக்கையில் இது 12 சதவீதமாக ஏறியிருந்தது.

அந்தச் சில பதில்களில் ஒன்று அல்ஜீரியாவில் இருந்து வந்தது. அங்கே ஒரு கிணற்றுக் கசிவு 2024-ல் சரி செய்யப்பட்டது. பழைய சாட்டிலைட் படங்களைப் புரட்டிப் பார்த்ததில் அது குறைந்தது 1999 முதல் கசிந்து கொண்டிருந்தது தெரிந்தது. கால் நூற்றாண்டு! அன்று எடுத்த படத்தில் மீத்தேனைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் லேண்ட்சாட் போன்ற சாதாரணப் படச் சாட்டிலைட்டுகளிலும் அகச்சிவப்புக்கு இரண்டு பட்டைகள் உண்டு. ஒன்றில் மீத்தேன் வெளிச்சத்தை நன்றாக விழுங்கும். மற்றதில் மிகக் குறைவாக விழுங்கும். இரண்டு படத்தையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுக் கழித்தால் பெரிய கசிவுகள் மேலெழுந்து வந்து விடும். அழிக்காமல் சேர்த்து வைத்த பைல்கள் இப்படியும் உதவும். நாமோ ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் முதலில் பழைய போட்டோக்களைத்தான் டெலீட் செய்கிறோம்.

என்னென்ன தெரியாது?

இந்தக் கருவிகளில் ஏறக்குறைய எல்லாமே சூரிய வெளிச்சத்தை நம்பியவை. இரவில் வேலை இல்லை. மேகம் வந்தால் வேலை இல்லை. நமக்கு மழைக்காலம் என்றால் வாரக் கணக்கில் டேட்டா வராது. சொந்தமாக லேசர் ஒளியை அனுப்பி அளக்கும் சாட்டிலைட் இரவிலும் வேலை செய்யும். சீனா 2022 ஏப்ரலில் அனுப்பிய டி.க்யூ.-1 அப்படிக் கார்பன் டை ஆக்சைடை அளக்கிறது.

சிறு கசிவும் தெரியாது. நுணுக்கமாகப் பார்க்கும் சாட்டிலைட்டுகளுக்கே மணிக்கு 100 கிலோ அளவாவது இருந்தால்தான் நம்பிக்கையாகச் சொல்ல முடியும். பரவலாக வருவதும் தனிப் புள்ளியாகத் தெரியாது. இந்தியாவின் மீத்தேனில் பெரும்பங்கு கால்நடைகளில் இருந்தும் நெல் வயல்களில் இருந்தும் வருகிறது. ஒரு மாட்டை எந்தச் சாட்டிலைட்டும் சுட்டிக் காட்டாது. ஒரு வட்டாரம் முழுவதும் அளவு கொஞ்சம் கூடியிருப்பதை மட்டும் ட்ரோபோமி போன்றவை காட்டும்.

சாட்டிலைட்டும் ஓர் எந்திரம்தான், பழுதாகும். இந்த இரண்டு வகைப் பிக்சலுக்கும் நடுவே உள்ள இடத்தை நிரப்புவதற்காக, சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று நன்கொடை திரட்டி 2024 மார்ச்சில் மீத்தேன்சாட் என்பதை அனுப்பியது. 2025 ஜூன் 20-ஆம் தேதி அதனுடன் தொடர்பு அறுந்தது, மீட்க முடியவில்லை. ஓராண்டுக்குச் சற்று மேல் மட்டுமே வேலை செய்தது. அது அனுப்பிய டேட்டா மட்டும் மிச்சம்.

உங்கள் கம்ப்யூட்டரில் பார்க்க

இவ்வளவும் படித்த பிறகு நேரில் பார்க்காமல் இருக்க முடியுமா? இதற்கென்று சாப்ட்வேர் எதுவும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பிரவுசர் போதும். தேடும் கட்டத்தில் கார்பன் மேப்பர் டேட்டா போர்ட்டல் என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். 2024 ஆகஸ்டில் போன டனேஜர்-1 சாட்டிலைட்டின் கண்டுபிடிப்புகளும், எமிட் கண்டவையும் உலக வரைபடத்தில் புள்ளிகளாக இருக்கும். படம் வரச் சிறிது நேரம் ஆகலாம். அவசரப்பட்டு மறுபடி மறுபடி கிளிக் செய்ய வேண்டாம். ஒரு புள்ளியை நெருங்கிக் கிளிக் செய்தால் வண்ணம் பூசிய படலம், எடுத்த தேதி, மணிக்கு எத்தனை கிலோ என்ற மதிப்பீடு ஆகியவை கிடைக்கும். பக்கத்தில் நாம் சொன்ன கூட்டல் கழித்தல் எண்ணும் இருக்கும். அதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஐக்கிய நாடுகளின் ஐ ஆன் மீத்தேன் என்ற தளத்திலும் இதே போன்ற வரைபடம் இருக்கிறது. மார்ஸ் திட்டத்தில் கண்டவை அதில் வருகின்றன. இரண்டும் இலவசம்.

பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் புள்ளியே இல்லை என்றால் உடனே நிம்மதி அடைந்து விட வேண்டாம். கசிவு இல்லாமல் இருக்கலாம். அன்றைக்கு மேகம் மறைத்திருக்கலாம். சாட்டிலைட் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாமலும் இருந்திருக்கலாம். டனேஜர் போன்றவை சொன்ன இடத்தை மட்டுமே பார்ப்பவை. எமிட் விண்வெளி நிலையம் போகும் பாதையில் அகப்பட்டதை மட்டும் பார்க்கும். அந்த இடத்தை எப்போதாவது பார்த்திருக்கிறார்களா என்று தெரிந்து கொள்ள, கார்பன் மேப்பர் தளத்தில் எடுத்த படங்களின் எல்லையைக் காட்டும் வசதி உண்டு. முதலில் அதை ஆன் செய்து உங்கள் மாவட்டத்தின் மேல் கட்டம் விழுகிறதா என்று பாருங்கள். புள்ளிகளைப் பிறகு தேடலாம்.